இடது முன்சில்லு

சத்தத்தை முதலில் கவனித்துச் சொன்னவள் புஸ்பராணி. ஜூன் மாதம்; இந்த நாட்டில் அது குளிர்காலம். பெண்டில் ஹில்லில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாக இறங்கும் வீதியில் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். இறக்கத்தின் அடியில் வழிவிடும் கோடு. கோட்டை நெருங்கியபோது காரின் இடது பக்கத்தில் கிறீக் என்றது. பழைய பிஸ்கட் பேணியின் தகர மூடியை யாரோ அவசரமாகத் திறந்ததுபோல வறண்ட, குறுகிய சத்தம். கார் கோட்டில் அழகாக நின்றது.

"அண்ணை, கேட்டதே?"

"கேட்டது, கேட்டது," என்றார் பக்கத்தில் இருந்த அருமைநாதன். "எனக்கும் கொஞ்ச நாளா ஒரு சந்தேகம். பிரேக் பிடிக்கேக்கை தான் வருகுது. ஓரமா விடும் பிள்ளை, பாப்பம்."

அவர் இறங்கி, கைக்குட்டையைப் புல்லில் விரித்து, அதில் ஒரு முழங்காலை ஊன்றி இடது முன்சில்லுக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சில்லைத் தட்டினார். சில்லு பதில் சொல்லவில்லை.

வென்ட்வேர்த்வில் சுற்றுவட்டாரத்தில் லைசன்ஸ் வைத்திருக்கும் தமிழ்ப் பெண்களில் பாதிப் பேரை வீதியில் இறக்கிவிட்டது தானே என்று அருமைநாதன் சொல்வார். மீதிப் பாதி அவரிடம் வராமல் போனதால்தான் இவ்வளவு விபத்து நடக்கிறது என்பது அவர் கருத்து. கூரையில் பெயர்ப்பலகை பூட்டிய சின்ன வெள்ளைக் கார் அவருடையது. பதினாலு வருசமாகப் பழக்குகிறார். ஒரு கீறல் விழுந்ததில்லை. பழக்குகிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்க வேண்டும் என்பது விதி. அவருடைய காரிலும் இருந்தது.

"உது விதிக்காகப் பூட்டினது," என்று முதல் நாளே சொல்லியிருந்தார். "கப்பலிலை தொங்குற உயிர்காப்பு வளையம் மாதிரி. இண்டை வரைக்கும் நான் அதிலை கால் வைச்சதில்லை. என்ரை ஆக்கள் தாங்களே நிப்பாட்டுவினம்."

அவர் பொய் சொல்கிறவர் அல்லர் என்பது எல்லோருக்கும் தெரியும். காரில் ஏறினால் வாய் கோயில் நிர்வாகசபைத் தேர்தலில் இருக்கும். கண் வீதியில் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிற மனிதர் என்று புஸ்பராணி வியந்திருக்கிறாள்.

அவளுக்கு அந்தக் காரில் மிகவும் பிடித்தது பிரேக்தான். காலை மெல்ல வைத்தால் போதும், அதுவே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். சில வேளை கால் படுவதற்கு முன்பே பிடிப்பதுபோல இருக்கும். கணவன் ஸ்ரீகாந்தனின் நீலக் காரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். அதன் பிரேக் கல்லு மாதிரி. கார் போய்க்கொண்டே இருந்தது. ஸ்ரீகாந்தன் கத்திய கத்தலில் எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வெளியே வந்துவிட்டார். அன்றோடு கணவன் காரில் பழகுவது முடிந்தது.

"என்ரை காரிலை ஒரு குறையும் இல்லை," என்றான் ஸ்ரீகாந்தன். "உம்முடைய காலிலை பலமில்லை."

அவளுக்கு லைசன்ஸ் தேவைப்பட்டது. வெஸ்ட்மீட் பக்கத்தில் ஒரு சலவைக்கூடத்தில் ஏழு வருசமாக வேலை. நிரந்தரமில்லை; இன்று வேலை உண்டா இல்லையா என்று காலையில் போனுக்கு ஒரு செய்தி வரும். செய்தி வந்தால் அரக்கப்பரக்க ஓட வேண்டும். வராவிட்டால் உடுத்து வெளிக்கிட்டபடி வீட்டிலே இருக்க வேண்டும். இரண்டுமே அவளுக்கு அலுத்துவிட்டன. வயதானவர்களைப் பராமரிக்கும் படிப்பை மாலை வகுப்பில் முடித்தாள். வீடு வீடாகப் போய்க் குளிக்க வார்த்து, சாப்பாடு கொடுத்து, மருந்து எடுத்துக் கொடுக்கிற நிரந்தர வேலை ஒன்று சரிவந்தது. டூன்காபியிலும் கிராவீனிலும் செவன் ஹில்ஸிலும் ஐந்து கிழவிகள். பஸ்ஸில் போய்ச் செய்கிற வேலை அல்ல. அந்த நிறுவனத்தின் ஹெலன் என்ற பெண் செப்டெம்பர் முடியும்வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு லைசன்ஸ் உள்ள வேறு ஒருத்திக்குத்தான்.

ஆகவே சத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது எல்லோருடைய வேலையும் ஆயிற்று. 

முதலில் ஸ்ரீகாந்தன் கண்டுபிடித்தான். அவன் ஒரு காப்புறுதிக் கந்தோரில் கணக்குப் பார்க்கிறவன். காரைப் பற்றி அறிந்ததெல்லாம் இணையத்தில் வாசித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அருமைநாதன் வெள்ளைக் காரை அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தார். கோயிலுக்குப் போய்த் திரும்பிய இரண்டு நண்பர்களும் வந்திருந்தார்கள். பிரேக் சில்லுக்குள் இருக்கிறது என்று நால்வருக்கும் தெரியும். இருந்தாலும் பொனற்றைத் திறந்தார்கள். பொனற்றைத் திறக்காமல் ஒரு காரைப் பார்ப்பது நோயாளியின் நாடியைப் பிடிக்காமல் மருந்து எழுதுவதுபோல அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நால்வரும் இயந்திரத்தை நெடுநேரம் பார்த்தார்கள். ஒருவர் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு திரும்பச் செருகினார்.

"பனி," என்றான் ஸ்ரீகாந்தன். "இரவு பனி விழுந்து டிஸ்க் இரும்பிலை மெல்லிசா ஒரு கறள் பிடிக்கும். காலமை பிரேக் அடிக்கேக்கை அது உராயுது. ரெண்டு மூண்டு தரம் அடிக்கப் போயிடும்."

"பின்னேரத்திலையும் கேக்குது," என்றாள் புஸ்பராணி, தேநீர்த் தட்டோடு நின்றபடி.

"அப்ப அது வேறை கறள்."

வியாழக்கிழமை வெள்ளைக் கார் லதீசிடம் போயிற்று. லதீஸ் மாணவனாக வந்து இங்கேயே மெக்கானிக் படித்தவன். கிராவீனில் வாடகைக்கு எடுத்த ஒரு தகரக் கொட்டகையில் கராஜ் நடத்துகிறான். அவனுக்குச் சந்தேகம் என்ற ஒன்று வருவதில்லை. காரைத் தானே எடுத்துக்கொண்டு தனியாக நாலு வீதி சுற்றி வந்தான். சத்தமே இல்லை.

"சத்தம் இல்லை எண்டதுதான் பிரச்சினை, அங்கிள்," என்றான். "சத்தம் ஒளிச்சிருக்கு. பிரேக் பாட் தேயத் தொடங்கினால் இப்படித்தான், ஒருநாள் வரும், ஒருநாள் வராது."

முன்பக்கத்துப் பாட் இரண்டையும் மாற்றினான். வெள்ளிக்கிழமை பாடத்தில் முதல் சந்தியிலேயே கிறீக் என்றது. பிறகு சில்லைக் கழற்றி, டிஸ்க்குக்குப் பின்னால் தூசி மறைக்கிற தகட்டை நெளித்தெடுத்து, அதற்குள் கிடந்த ஒரு பட்டாணி அளவு கல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். கொலைகாரனைப் பிடித்துவிட்ட பெருமை அவன் முகத்தில் இருந்தது. அருமைநாதன் அந்தக் கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து புஸ்பராணிக்கும் காட்டினார்.

"பாரும், எவ்வளவு சின்னக் கல்லு! எங்களை எவ்வளவு பாடு படுத்திப் போட்டுது!"

அவள் காரை எடுத்தாள். முதல் சந்தியில் கிறீக்.

ஜூலை கடைசியில் அவளுக்குச் சோதனை. சோதனை நாளில் அருமைநாதன் இறங்கிக்கொள்ள, இடது ஆசனத்தில் அதிகாரி ஏறினார். இரண்டாவது ரவுண்டபவுட்டில், அந்த வட்டச் சந்திக்குள், புஸ்பராணி வேகம் குறையாமல் போய்விட்டாள். வலது பக்கத்திலிருந்து வந்த கார் நின்று வழிவிட்டது. வழிவிட வேண்டியவள் அவள். அங்கேயே சோதனை முடிந்தது.

"நான் காலை வைச்சனான், அண்ணை," என்றாள். "சத்தியமா வைச்சனான். அது பிடிக்கேல்லை."

"நெர்வஸ்," என்றார் அருமைநாதன். "என்னோடை ஓடேக்கை ராணி மாதிரி ஓடுறீர். ஒப்பீசரைக் கண்ட உடனை கை கால் உதறுது. அது எல்லாருக்கும் வாறதுதான்."

ஆகஸ்டில் இரண்டாவது சோதனை. அதிகாரி வேறு, ரவுண்டபவுட் வேறு, நடந்தது அதேதான்.

அன்று வீடு திரும்பும் வழியில் அவள் ஒன்றை யோசித்தாள். இரவு சாப்பாட்டு மேசையில் அதை ஸ்ரீகாந்தனிடம் சொன்னாள். அன்று அருமைநாதனும் சாப்பிட வந்திருந்தார். தோல்விக்கு ஆறுதல் சொல்ல வந்தவர் இடியப்பத்தைக் கண்டு இருந்துவிட்டார்.

"ரெண்டு சோதனையிலையும் அந்தச் சத்தம் வரேல்லை," என்றாள். "சத்தம் வந்தால் பிரேக் பிடிக்குது. சத்தம் வராட்டில் பிடிக்குதில்லை."

ஸ்ரீகாந்தன் சிரித்தான்.

"இஞ்சேரும், உலகத்திலை எந்தக் காரிலையும் சத்தம் வந்தால் பிரேக் பழுது, சத்தம் இல்லாட்டில் சுகம். நீர் தலைகீழாச் சொல்லுறீர்."

"நான் கண்டதைச் சொல்லுறன்."

"சோதனைக்குக் கொண்டு போறதுக்கு முதல் நான் காரைக் கழுவி, சூடாக்கி, நல்ல பதமாத்தான் கொண்டு போறனான்," என்றார் அருமைநாதன், சொதியை ஊற்றிக்கொண்டு. "அதுதான் அண்டைக்குச் சத்தம் வாறேல்லை. அது காரின்ரை நல்ல குணம், பிள்ளை. கெட்ட குணம் இல்லை. சப்பாத்தை மாத்திப் பாரும். அடி தடிச்ச சப்பாத்து எண்டால் காலுக்கு ஒண்டும் விளங்காது."

அவள் சப்பாத்தை மாற்றினாள். மெல்லிய அடி உள்ள கன்வஸ் சப்பாத்து. சத்தம் சப்பாத்தைப் பொருட்படுத்தவில்லை.

மூன்றாவது சோதனைக்குச் செப்டெம்பர் நடுப்பகுதியில் நாள் கிடைத்தது. ஹெலன் போன் எடுத்து, மாதக் கடைசிக்கு மேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மிகவும் அன்பாக ஞாபகப்படுத்தினாள். சோதனைக்கு ஒன்பது நாள் இருக்கையில் அருமைநாதன் காரையும் புஸ்பராணியையும் லதீசின் கராஜுக்குக் கொண்டுபோனார்.

"தம்பி, இந்த முறை சரிப்படுத்தாட்டில் நான் வேறை இடம் பாக்கிறன்."

லதீசுக்கு அது மானப் பிரச்சினை. ஒரு பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

"நான் ஓடேக்கை கேக்கேல்லை. அக்கா ஓடேக்கை கேக்குது. அப்ப அக்கா ஓடட்டும், நான் பக்கத்திலை இருந்து கேக்கிறன்."

"நானும் வரட்டோ?"

"வேண்டாம் அங்கிள். ஆள் கூடினால் பாரம் மாறும், பாரம் மாறினால் சத்தமும் மாறும். நீங்கள் இருந்து தேத்தண்ணி குடியுங்கோ."

அருமைநாதன் ஒரு பழைய ரயரின் மேல் உட்கார்ந்து தேநீர் குடிக்கத் தொடங்கினார். லதீஸ் இடது ஆசனத்தில் ஏறி, கண்ணாடியை முழுவதும் இறக்கி, இரண்டு காலையும் ஆசனத்துக்கு அடியில் மடக்கி, ஜன்னல் பக்கமாகச் சரிந்து, காதை முன்சில்லை நோக்கிச் சாய்த்தான். 

"இப்ப எடுங்கோ அக்கா. வழக்கமா ஓடுற மாதிரியே ஓடுங்கோ. என்னைப் பாக்க வேண்டாம்."

அவள் வழக்கமாக ஓடுகிற மாதிரியே ஓடினாள். தொழிற்பேட்டைத் தெருவைத் தாண்டி, வீடுகள் தொடங்கும் இடத்தில் ஒரு ரவுண்டபவுட். வலது பக்கத்தில் கூரையில் ஏணி கட்டிய, பின்பக்கம் திறந்த யூட் வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதை அவள் தெளிவாகக் கண்டாள். காலை எடுத்தாள், பிரேக்கில் மெல்ல வைத்தாள், வழக்கம்போலக் காத்திருந்தாள்.

கார் நிற்கவில்லை.

"அக்கா! பிரேக்! பிரேக் அடியுங்கோ!"

அவள் இருந்த பலம் எல்லாவற்றையும் சேர்த்து மிதித்தாள். கார் ரவுண்டபவுட்டுக்குள் பாதி உடம்பை வைத்துக்கொண்டு குலுங்கி நின்றது. லதீசின் நெற்றி ஜன்னல் சட்டத்தில் இடித்தது. யூட் வண்டிக்காரன் நீளமாக ஹோர்ன் அடித்து, அவளுடைய தாயைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு சுற்றிப் போனான். அவள் எப்படியோ காரைத் தாண்டவைத்து ஓரத்தில் நிறுத்தினாள்.

லதீஸ் நெற்றியைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தான். அவன் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"அக்கா, சத்தம் கேட்டதே?"

"இல்லை."

"எனக்கும் கேக்கேல்லை! இவ்வளவு ஹார்டா அடிச்சும் ஒரு சின்னச் சத்தம் இல்லை! சரி வந்திட்டுது அக்கா. அந்தக் கல்லுத்தான். மிச்சம் இருந்த தூசு இப்ப அடிச்ச அடியிலை பறந்திருக்கும்."

அவன் கதவைத் திறந்து இறங்கி, நடைபாதையில் முதுகைக் காட்டி நின்று அருமைநாதனுக்குப் போன் எடுத்தான். "அங்கிள், வெற்றி!" என்பது அவளுக்குக் கேட்டது.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். சத்தமும் வரவில்லை, பிரேக்கும் பிடிக்கவில்லை. சோதனை நாள் இல்லை, அதிகாரி இல்லை, நெர்வஸ் இல்லை. கார் கழுவப்படவும் இல்லை. அப்படியென்றால் இந்த மூன்று தடவையும் காரில் இல்லாமல் போனது என்ன? அவள் திரும்பி இடது ஆசனத்தைப் பார்த்தாள். வெறும் ஆசனம். அதன் அடியில், விதிக்காகப் பூட்டி ஒருநாளும் கால் படாத அந்தப் பிரேக்.

அதன் ரப்பரில் வரிகள் இல்லை. நடுப்பகுதி வழுவழுவென்று தேய்ந்து, கோயில் வாசற்படிபோல மினுங்கியது.

அவள் ஆசனப் பட்டியைக் கழற்றிவிட்டுக் குனிந்து அதைக் கையால் அழுத்தினாள். கிறீக். தன் பக்கத்தில், அவள் கால் படாமலே, அவளுடைய பிரேக் பவ்வியமாகக் கீழே இறங்கியது.

இன்னொருமுறை அழுத்தினாள். கிறீக். சந்தேகமே இல்லை, பிஸ்கட் பேணி.

முதலில் சிரிப்பு வந்தது. பதினாலு வருசமாகக் கீறல் விழாத கார்! பிறகு சிரிப்பு அடங்கி, அதன் அடியில் இருந்த விஷயம் மேலே வந்தது. இத்தனை மாதமாக அவள் ஒரு சந்தியிலும் காரை நிறுத்தியதில்லை. ராணி மாதிரித்தான் ஓடியிருக்கிறாள். ராணிகளுக்கு வேறு யாரோ எல்லாம் செய்துவிடுவார்கள். ஸ்ரீகாந்தனின் காரில் பிரேக் கல்லு மாதிரி இருந்ததென்றால் அதுதான் எல்லாக் காரிலும் உள்ள பிரேக். சோதனைக்கு ஒன்பது நாள் இருக்கிறது. அவளுக்கு நிறுத்தத் தெரியாது.

லதீஸ் திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தான். "வேறை ஏதும் பாக்கிறதுக்கு இருக்கோ அக்கா?"

கீழே, அந்தப் பிரேக்கின் கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்; சத்தம் இந்த நிமிடமே போய்விடும். அதை நினைத்தபோதுதான் அவளுக்குத் திடுக்கென்றது. அந்தச் சத்தம் போய்விட்டால், தான் எப்போது நிறுத்தினாள், எப்போது நிறுத்தவில்லை என்று அவளுக்குச் சொல்ல இந்த ஊரில் யாரும் இல்லை.

"ஒண்டுமில்லை தம்பி," என்றாள். "எல்லாம் சரி."

அருமைநாதனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். கராஜுக்குத் திரும்பியபோது அவர் தேநீர்க் கோப்பையோடு எழுந்து வந்து, காரின் முன்மூடியில் ஆசையாகத் தட்டினார். அவளைப் பார்த்து, "இனி உமக்குச் சோதனை பாஸ்தான்" என்றார். அந்த முகத்தைப் பார்த்து, 'உங்கடை கால்தான்' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நம்பமாட்டார். நம்பினால் அதைவிட மோசம்; மனிதர் உடைந்துபோவார். உடைந்துபோன மனிதரின் காரில் ஒன்பது நாளில் சோதனைக்குப் போக முடியாது. ஹெலன் மாதக் கடைசிவரைதான் பொறுப்பாள். சொல்லாமல் விட்டாள்.

அடுத்த நாளிலிருந்து அவளுக்கும் அவருடைய காலுக்கும் போட்டி தொடங்கியது. போட்டி நடப்பது அந்தக் காலுக்கும் தெரியாது, காலின் சொந்தக்காரருக்கும் தெரியாது. சந்தி வரும்போது அவர் நிர்வாகசபைப் பொருளாளரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் அவர் முழங்காலைப் பார்க்காமல் வீதியைப் பார்க்கப் பழகினாள். சத்தம் கேட்டால் அவள் தோற்றாள். முதல் நாள் எல்லாச் சந்தியிலும் தோற்றாள். பிரேக்கைத் தொட்டுவிட்டுக் காத்திருக்கிற பழக்கம் லேசில் போகவில்லை. இரண்டாம் நாள் கோபத்தில் மிதித்து, இருவரும் பட்டியில் போய் முட்டிக்கொண்டார்கள்.

"என்ன பிள்ளை, கோழி அமத்துற மாதிரி அமத்துறீர்? முந்தி எவ்வளவு மெதுவா நிப்பாட்டினீர்!"

"புது பாட் தானே, அண்ணை."

"அதுவும் சரிதான்," என்றார். "புது பாட் கடிக்கும்."

நாலாம் நாள் அவளுக்குப் பிரேக்கின் அளவு பிடிபடத் தொடங்கியது. எங்கே காலை எடுப்பது, எங்கே மெல்ல அழுத்துவது, எங்கே இன்னும் கொஞ்சம் கொடுப்பது என்று. கல்லு மாதிரி என்று நினைத்தது கல்லு இல்லை, அழுத்தினால் அழுந்தியது. ஆறாம் நாள் டூன்காபியிலிருந்து வீடுவரை ஒரே ஒருமுறைதான் சத்தம் கேட்டது. அதுவும் வீதிக்குக் குறுக்கே நடந்து போன ஒரு மக்பைப் பறவைக்காக. அருமைநாதன் இளகிய மனம் உள்ளவர். அவர் கால் பறவைகளுக்கும் இரங்கியது.

"கவனிச்சீரே பிள்ளை," என்றார் அவர் அன்று இறங்கும்போது. "சத்தம் குறைஞ்சு கொண்டு வருகுது. புது பாட் பதியிறதுக்கு நாள் எடுக்கும் எண்டு லதீஸ் அப்பவே சொன்னவன். பதிஞ்சிட்டுது."

"ஓம் அண்ணை. பதிஞ்சிட்டுது."

சோதனை நாள். நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண் அதிகாரி இடது ஆசனத்தில் ஏறினாள். புஸ்பராணி காரை எடுத்தாள். முதல் சந்தி அமைதியாகப் போயிற்று. பரவாயில்லை என்று நினைத்தாள். இரண்டாவது சந்தியும் அமைதியாகப் போனபோதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த அமைதிக்கு அர்த்தம் எதுவும் இல்லை. முந்தின இரண்டு சோதனைகளும் இதே அமைதியில்தான் நடந்தன. இந்தப் பெண்ணின் கால் பறவைக்கு இரங்கும் கால் அல்ல. அது அசைந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருள். ஒன்பது நாளாகக் காதால் ஓட்டப் பழகியிருக்கிறாள். இங்கே காதுக்கு வேலை இல்லை.

முன்னால் ரவுண்டபவுட். வலது பக்கத்தில் ஒரு சிவப்புக் கார், வருமா திரும்புமா என்று தெரியாமல் சிக்னல் போடாமல் வந்தது. அருமைநாதனின் கால் இந்நேரம் என்ன செய்திருக்கும் என்று யோசிக்க ஒரு ஆசை எழுந்தது. அவள் யோசிக்கவில்லை. சிவப்புக் காரைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், மிதித்தாள். கார் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சிவப்புக் கார் அவசரமில்லாமல் சுற்றிப் போனது. அதிகாரி பேனாவால் ஏதோ குறித்தாள். அது நல்ல குறிப்பா கெட்ட குறிப்பா என்று புஸ்பராணிக்குத் தெரியவில்லை. அடுத்த வீதியில் பாதசாரிக் கடவை வந்துவிட்டது. அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

வாகனப் பதிவகத்துக்குத் திரும்பி வந்து காரை நிறுத்தியதும் அதிகாரி சொன்னாள், கொஞ்சம் முன்கூட்டியே பிரேக் பிடிக்கிறீர்கள், ஆனால் அது மோசமான பழக்கம் அல்ல. பிறகு வாழ்த்துச் சொன்னாள்.

வெளியே அருமைநாதன் இரண்டு கையையும் கூப்பி வானத்துக்குக் காட்டினார். ஸ்ரீகாந்தனுக்குத் தானே போன் எடுத்தார். அன்று பின்னேரம் புஸ்பராணி ஹெலனுக்கு எடுத்தாள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, புது வேலையில் இரண்டாவது கிழமை, அவள் சீருடையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். டூன்காபியில் ஒரு கிழவி குளிப்பதற்குக் காத்திருந்தாள். அவளுக்குத் தாமதம் பிடிக்காது. போன கிழமை ஒருநாள் சற்றுப் பிந்தியதற்கு, தான் இறந்துகிடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டவள். நீலக் கார் முற்றத்தில் நின்றது. அதற்குப் பின்னால், வழியை முழுவதும் மறித்துக்கொண்டு, கூரைப் பலகையோடு வெள்ளைக் கார். அதன் பொனற் திறந்திருந்தது.

ஸ்ரீகாந்தனும் லதீசும் அருமைநாதனும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுகிற ஆசனத்தில் புது மாணவி வேதவல்லி. சென்னையிலிருந்து போன வருசம் வந்தவள், ஏதோ வங்கியில் கணினி வேலை.

"சத்தம் திரும்ப வந்திட்டுது, பிள்ளை," என்றார் அருமைநாதன், நோயாளியின் உறவினர் குரலில். "நீர் ஓடி முடிக்கேக்கை முழுசா நிண்டது. இவ தொடங்கின நாளிலையிருந்து பழையபடி."

"நான் அப்பவே சொன்னனான், அது கறள்," என்றான் ஸ்ரீகாந்தன்.

"என்ன கறள் அண்ணை, வெயில் காலத்திலை?" என்றான் லதீஸ். "நான் போட்ட பாட் அக்காவுக்குச் சரியா வேலை செய்தது. இது வலது பக்கத்துப் பிரச்சினை. சத்தம் மற்றப் பக்கத்துக்கு எதிரொலிக்குது."

"பொறுமையாப் பழக்கினால் சத்தம் தன்ரை பாட்டிலை போகும்," என்றார் அருமைநாதன். "புஸ்பராணிக்குப் போகேல்லையே?"

அவள் லைசன்ஸ் எடுத்ததற்கு யார் காரணம் என்பதில் மூவருக்கும் இடையே ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பாட், பொறுமை, கறள் பற்றிய அறிவு. தீர்ப்பு இன்னும் வரவில்லை. அவள் வேதவல்லியின் ஜன்னலுக்குப் போனாள்.

"எப்பிடிப் போகுது?"

"நல்லா போகுதுங்க. சத்தம் மட்டும்தான். ஆனா பிரேக் சூப்பர். கால வெச்சாலே நிக்குது. எங்க வீட்டுக்காரர் வண்டில அப்படியே கல்லு."

"சோதனை எப்ப?"

"அடுத்த வாரம்."

புஸ்பராணி நிமிர்ந்தாள். அருமைநாதன் பொனற்றுக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"பிள்ளை, உமக்குத்தான் நல்ல காது. நீர் சொல்லும், எங்கையிருந்து வருகுது உது?"

"உங்கடை காலிலையிருந்து, அண்ணை," என்றாள். "இடது பக்கத்துப் பிரேக்கை நீங்கள்தான் மிதிக்கிறியள். ஒவ்வொரு சந்தியிலையும். நான் ஓடின காலம் முழுக்க நீங்கள்தான் நிப்பாட்டினது."

லதீஸ் வெடித்துச் சிரித்தான். ஸ்ரீகாந்தன் பொனற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அருமைநாதன் எல்லோரையும்விட நன்றாகச் சிரித்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"லைசன்ஸ் கிடைச்ச உடனை வாயைப் பாரும்! பதினாலு வருசத்திலை எனக்கு ஆரும் இப்பிடிச் சொன்னதில்லை!"

"உண்மையாச் சொல்லுறன், அண்ணை. ரப்பரைப் பாருங்கோ."

"பாக்கிறன், பாக்கிறன். முதல் டிஸ்க்கைப் பாக்க விடும்."

அவள் வேதவல்லி பக்கம் குனிந்தாள். வேதவல்லியும் சிரித்துக்கொண்டிருந்தாள், ஆனால் கொஞ்சம் பிந்தி, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தொடங்கிய சிரிப்பு.

"சிரியுங்கோ, ஆனால் இண்டைக்கு ஓடேக்கை ஒரு ரவுண்டு அவரைச் சீட்டிலை சம்மணம் கட்டி இருக்கச் சொல்லுங்கோ," என்றாள் புஸ்பராணி. "அவ்வளவுதான். பிறகு பாருங்கோ."

"சம்மணமா?"

"ஓம்."

வேதவல்லி சிரிப்பை நிறுத்தாமலே பக்கத்து ஆசனத்தின் அடியை ஒருமுறை பார்த்தாள்.

இனி நிற்க நேரமில்லை. புஸ்பராணி நீலக் காரில் ஏறி, கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். மூன்று முதுகுகள் தெரிந்தன. லதீஸ் ஜாக்கி எடுக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். வெள்ளைக் காரை இப்போது தூக்கி வைத்தார்களென்றால் மத்தியானம்வரை இறக்கமாட்டார்கள்.

அவள் ஹோர்னில் கையை வைத்து, எடுக்காமல் அழுத்தினாள். மூவரும் துள்ளித் திரும்பினார்கள்.

"காரை எடுங்கோ," என்றாள். "எனக்கு வேலைக்கு நேரமாகுது."